ஒரே எண்ணில் இரண்டு கணினிகள்

வீட்டில் நெட் வேலை செய்யவில்லை என்றால் ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை. பாதித் தொல்லைகள் அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். உங்கள் கணினி நிபுணர் நல்ல மனிதர், ஐயா. மூன்று நாளாக எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாக உருவிப் பார்த்தார். பொறுமைக்குக் குறைவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அவரைக் குழப்புவது என்ன என்று எனக்குத் தெரியும். மாடியில் அண்ணனின் கட்டில் பக்கத்தில் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. அன்று மதியம் மூன்று மணி நான்கு நிமிடத்திலிருந்து ஐந்து நொடிக்கு ஒரு முறை அது அபாயச் செய்தி அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கு நேரேயும் 'போய்ச் சேர்ந்தது' என்று பதிவாகியிருக்கிறது. கீழே இருக்கும் அண்ணியின் கணினியிலோ, மூன்று பதினைந்து வரை எந்தச் செய்தியும் வந்ததாகத் தடயமே இல்லை. அனுப்பியது சேர்ந்துவிட்டது என்கிறது, வாங்க வேண்டியது வரவே இல்லை என்கிறது. அதனால் அண்ணி செய்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார், பிறகு பதிவை அழித்திருக்கிறார் என்று உங்கள் நிபுணர் எழுதப் போகிறார். நேற்று வாசலில் நின்று அவர் உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டு கணினிகளும் உண்மையைத்தான் சொல்கின்றன. அதை விளக்கத்தான் நானாகவே வந்தேன். தப்பான விளக்கம் ஒன்று அறிக்கையில் ஏறிவிட்டால் பிறகு அதை யாரும் திருத்த மாட்டார்கள்.

முதலிலிருந்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் புரியாது.

அண்ணனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே வரும் நோய். நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரால் வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் அசைக்க முடிந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். குழாயின் மறுமுனையில் மூச்சு இயந்திரம். இயந்திரம் காற்றைத் தள்ளும் நேரத்துக்குள் இரண்டு மூன்று சொற்கள் பேசுவார், அடுத்த மூச்சுக்குக் காத்திருப்பார், மறுபடி பேசுவார். அப்படியும் கிண்டலை விட்டதில்லை. நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், "மூச்சு விட ஒரு மெஷின்... மூச்சு விடாம பேச... ஒரு தம்பி" என்பார். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார்.

நான் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மேசைகளைக்கூட எடுத்துப் போனார்கள், என்னைக் கூப்பிடவில்லை. "ஒரு மாசம் எங்களோட இருங்க தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அண்ணி சொன்னார். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருந்தது. அதை ஒழித்துக் கொடுத்தார்கள்.

போன இரண்டாவது வாரமே ஒரு சிக்கல் வந்தது. அண்ணி வீட்டிலிருந்தபடியே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். மூன்று மணிக்கு வகுப்பு. அவருடைய கணினியில் காலை முழுக்க நெட் ஒழுங்காக இருக்கும். மூன்று மணி ஆனால் போய்விடும். நாலரைக்குத் தானாகவே திரும்பி வரும். அதே நேரத்தில் அண்ணனின் கணினியில், என் மடிக்கணினியில் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும்.

நான் கேபிளை மாற்றினேன். ரவுட்டர் வெயிலில் சூடாகிறதோ என்று அதற்கு ஒரு மேசை விசிறி வைத்தேன். "பகல் தூக்கம் போடுது... விடுடா அதை" என்றார் அண்ணன். மூன்று நாள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் அண்ணியின் பின்னாலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர் செய்வதையெல்லாம் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். மின்விசிறியைப் போட்டார். தண்ணீர் குடித்தார். கேள்வித்தாள் அச்செடுக்க பிரிண்டரைப் போட்டார். நெட் போனது.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், உங்கள் வழக்கே இதற்குள்தான் இருக்கிறது. ஒரு வீட்டு நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு, தெருவில் வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. வழக்கமாக ரவுட்டரே எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும். சில கருவிகள் அதற்குக் காத்திருக்காமல் தங்களுக்கென்று பழைய எண் ஒன்றைப் பிடித்துவைத்திருக்கும். அந்த பிரிண்டர், மூடிப்போன ஒரு கடையிலிருந்து அண்ணி வாங்கியது. கடைக்காரர் அதில் இருபது என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார். அண்ணியின் கணினிக்கு ரவுட்டர் கொடுத்திருந்த எண்ணும் இருபது. ஒரு செய்தியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ள ரவுட்டர், "இங்கே இருபது யார்?" என்று கேட்கும். கடைசியாக யார் "நான்" என்று சொன்னார்களோ அவர்களிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். இன்னொரு இருபது வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதுபாட்டுக்கு விளக்கெல்லாம் எரியும், பார்க்க ஒரு குறையும் தெரியாது.

பிரிண்டரின் எண்ணை முப்பது என்று மாற்றினேன். முடிந்தது.

அன்று மாலை அந்த வீட்டில் நான் இருந்த மாதிரி வேறெங்கும் இருந்ததில்லை. அண்ணி கைதட்டினார். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னார். மாடிக்குப் போனபோது அண்ணன் என்னைக் கிட்டே வரச்சொல்லி, "நீ இல்லன்னா... நாங்க என்னடா பண்ணுவோம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு மூச்சு ஆனது. எனக்காக அப்படிச் செலவழித்தவர்கள் அதுவரை யாரும் இல்லை.

பிறகு ஐந்து வாரம் எதுவுமே பழுதாகவில்லை. ஒழுங்காக ஓடும் நெட்வொர்க்கைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதுதான் இந்தத் தொழிலில் உள்ள ஒரே குறை. ஆறாவது வாரம் சாப்பிடும்போது அண்ணி, "வேலை எதாச்சும் அமையற மாதிரி இருக்கா தம்பி?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அன்று மதியம் மூன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னால் என் மடிக்கணினியின் எண்ணை இருபது என்று மாற்றிப் பார்த்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று ஒரு சோதனை.

"தம்பி! நெட் போச்சு! கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

சரிதான். போய்க் கேபிளைத் தொட்டேன், ரவுட்டர் முன்னால் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன், அறைக்குத் திரும்பி எண்ணை மாற்றினேன். "வந்துடுச்சு! நல்ல வேளை நீங்க இருந்தீங்க" என்றார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை. யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் ஓய்வு கிடைத்தது.

அடுத்து நான் செய்தது உண்மையிலேயே நல்ல வேலை. அதை உங்கள் நிபுணரும் பாராட்டினார். காலையில் வரும் நர்ஸம்மா இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், அடுத்தவர் வர ஐந்தாகும். இடையில் அண்ணிதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில்தான் வகுப்பும். மூச்சு இயந்திரத்துக்குச் சொந்தமாக ஒரு மணி உண்டு. ஆனால் அது காதைத் துளைக்கும். வகுப்பில் பிள்ளைகள் பயந்துபோனார்கள். அதனால் மணியைக் குறைத்து வைத்துவிட்டு, இயந்திரத்தோடு ஒரு சின்னக் கணினியை இணைத்தேன். குழாய் கழன்றால் அது வீட்டு நெட்வொர்க் வழியாக அண்ணியின் கணினிக்குச் செய்தி அனுப்பும். அவர் திரை முழுக்கச் சிவப்பாகும், காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மணி அடிக்கும். அண்ணனின் விரலுக்கு அடியில் நான்கு பொத்தான்கள் வைத்தேன். தண்ணீர். திருப்பிப் படுக்கவை. வலிக்கிறது. உடனே வா. எதை அழுத்தினாலும் அந்தச் சொல் அண்ணியின் திரையில் வரும்.

செய்தி போக வேண்டிய முகவரி மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் அண்ணியின் கணினிக்கு இருபது என்ற எண்ணை நிரந்தரமாக்கினேன். "இந்த கம்ப்யூட்டரை வீட்டு நெட்லேர்ந்து எடுக்கவே கூடாது அண்ணி" என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால் கணினி மூலையில் ஒரு சின்ன எச்சரிக்கை காட்டும். வகுப்பில் தொந்தரவாக இருக்கும் என்று அதை அண்ணியின் கணினியில் நிறுத்தி வைத்திருந்தேன். செய்தி வாங்கும் நிரலின் நகல் ஒன்றை என் மடிக்கணினியிலும் போட்டிருந்தேன். பழுது பார்ப்பவன் கையில் ஒரு நகல் இருக்கத்தான் வேண்டும்.

ஆகவே, ஆமாம். நான் இருபதாக இருக்கும் நேரத்தில் அண்ணனின் செய்தி எனக்குத்தான் வரும். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அப்படியே நடந்தது. அண்ணன் இருமியதில் குழாய் கழன்றது, என் திரை சிவந்தது. பதினாறு படி. இருபது நொடிக்குள் மேலே போய்க் குழாயை மாட்டிவிட்டேன். விஷயம் தெரிந்து அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய அக்கா போனில், "கொழுந்தன் கிடைச்சா இப்படிக் கிடைக்கணும்டி" என்று சொன்னது அறைக்குள் இருந்த எனக்கே கேட்டது. அண்ணிக்கு வர வேண்டிய செய்தி எனக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை குழாய் தானாகக் கழன்றது என்று சொல்ல முடியாது.

நான் நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டிருந்தேன். அரை நிமிடத்துக்கு மேல் போகவில்லை. அண்ணன் அந்த அரை நிமிடமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் கழன்றிருக்கும்போது பேச வராது. மாட்டிய பிறகு நாலைந்து மூச்சு சும்மா விட்டார். அப்புறம், "டேய்... போதும்டா" என்றார். நான் ஓடியாடிக் களைத்திருக்கிறேன் என்று நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மருத்துவமனைக்குப் போன் போடச் சொன்னார். அவர்களிடம் ஒரு பெட்டி இருக்கிறதாம். அதற்குள்ளேயே சிம் கார்டு இருக்கும். குழாய் கழன்றால் வீட்டு நெட்வொர்க்கே இல்லாமல் நேரே அண்ணியின் கைபேசிக்கும் மருத்துவமனைக்கும் செய்தி போய்விடும். திங்கட்கிழமை வந்து மாட்டுவதாகச் சொன்னார்கள்.

அண்ணி எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னார். "உங்களையே எத்தனை நாள் கட்டிப்போடறது தம்பி? உங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா? அண்ணன்தான் பிடிவாதமா சொல்றாங்க, அவனை விட்டுடு, அவன் வேற ஊர்ல போய் நல்ல வேலையாப் பாக்கட்டும்னு."

"பெட்டி நல்லா வேலை செய்யுமான்னு பாக்கணும் அண்ணி. சிக்னல் இல்லன்னா?"

"எல்லாத்துக்கும் ஒரு 'இல்லன்னா'வா?" என்று சிரித்தார். "சும்மா இருங்க. நீங்களும் உங்க அண்ணனும் ஒண்ணுதான். கவலைப்பட ஏதாச்சும் வேணும்."

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு ஐம்பதுக்கு என் எண்ணை இருபதாக்கினேன். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு தடவையாவது, வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிற மாதிரி, என்னைத் தேடும்படி ஒரு பழுது வர வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் திட்டம். அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணி ஆனது. "தம்பி" என்ற குரல் வரவில்லை.

எழுந்து எட்டிப் பார்த்தேன். அண்ணி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கைபேசியை ஒரு நிலவரைபடப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து, அதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு, சதவீதம் நடத்திக்கொண்டிருந்தார். வீட்டு நெட் அடிக்கடி போகிறது, ஒவ்வொரு தடவையும் தம்பியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வகுப்பைக் கைபேசிக்கு மாற்றிவிட்டாராம். பிறகு அவரே சொன்னார். கணினியை நான் சொன்னபடியே வீட்டு நெட்வொர்க்கிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்திலேயே திறந்து, ஒலியை முழுதாக ஏற்றி வைத்திருந்தார். அதன் திரையில் அபாயச் செய்திக்கான கட்டம் பச்சையாக இருந்தது. செய்தி எதுவும் வராதவரை அது பச்சையாகத்தான் இருக்கும், இணைப்பே இல்லாவிட்டாலும். அது என் நிரலில் உள்ள குறை. இணைப்பு போனால் மஞ்சளாக மாறும்படி எழுதியிருக்க வேண்டும். உங்கள் நிபுணர் அதைச் சுட்டிக்காட்டினால் நான் மறுக்க மாட்டேன்.

மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு என் திரை சிவந்தது. குழாய் கழன்றுவிட்டது. இந்தத் தடவை அது தானாகவே நடந்தது. நான் மாடிக்கே போகவில்லை.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. பதினாறு படிதான். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து ஓடியிருந்தால் அது நாலாவது தடவை ஆகியிருக்கும். மூன்று தடவை ஓடியும் அந்தப் பெட்டி வரத்தானே போகிறது? அண்ணி கணினியைத் திரும்பிப் பார்த்து, நெட் இல்லை என்று கண்டு, என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் நான் போய், "நெட் மட்டும் இல்ல அண்ணி, மேல ஓடுங்க" என்று சொல்ல வேண்டும். அப்படி நடந்தால்தான் வீட்டு நெட்வொர்க்குக்கு ஓர் ஆள் எதற்கு என்று அவர்களுக்கு விளங்கும். ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

'உடனே வா' என்று வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி 'உடனே வா'. மூன்றாவதும் அதுவே. நாலாவதாக 'தண்ணீர்' என்று வந்தது. விரல் நழுவியிருக்கும், அந்தப் பொத்தான் ஓரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு விரலிலிருந்து எதுவும் வரவில்லை. இயந்திரத்தின் செய்தி மட்டும் ஐந்து நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. படிக்கட்டு வழியாக அதன் சொந்த மணியும் மெல்லக் கேட்டது. ஹெட்போன் மாட்டியிருந்தால் கேட்காது, எனக்குக் கேட்டது. வகுப்பில் யாரோ நூற்றுக்கு நூற்றுப்பத்து சதவீதம் என்று சொல்லிவிட்டார்கள் போல, அண்ணி சிரித்தார். "நூறுக்கு மேல எங்கேர்ந்துடா கொண்டு வருவ?" என்று கேட்டார்.

பதினோரு நிமிடம். நூற்று முப்பத்திரண்டு செய்திகள். உங்கள் நிபுணரின் பட்டியலிலும் அதே எண்ணிக்கை இருக்கும், சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்தது என்று அண்ணனின் கணினி எழுதி வைத்திருப்பது பொய்யில்லை. ஒவ்வொன்றும் என்னிடம் வந்து சேர்ந்தது, நான் ஒவ்வொன்றையும் படித்தேன். அண்ணி எதையும் பார்க்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. என் மடிக்கணினி மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் எல்லாம் அப்படியே இருக்கும். நானும் எதையும் அழிக்கவில்லை. பழுதின் பதிவை அழிப்பது எனக்குப் பிடிக்காது.

மூன்று பதினைந்துக்கு, அண்ணி இனிமேல் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. வகுப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதற்குக் கால் நிமிடம்கூட ஆகவில்லை. என் கணினியின் எண்ணை இருபதிலிருந்து முப்பத்தொன்றுக்கு மாற்றினேன். அண்ணியின் திரை சிவந்தது, மணி அலறியது. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. படியில் ஓடினார். மேலே இருந்து "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டார், நான் உடனே போனேன்.

அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் ஒரே எண்ணில் இரண்டு கணினிகள் என்று எழுதுங்கள். 'தீர்வு' என்ற இடத்தில், இரண்டாவது கணினியின் எண் மாற்றப்பட்டது என்று எழுதினால் போதும். மூன்று பதினைந்துக்குப் பிறகு அனுப்பிய செய்திகள் அத்தனையும் அண்ணியின் கணினிக்கே போயிருக்கின்றன. இணைப்பு சரியாகிவிட்டது.